இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் வலி: ஒபரேஷன் இல்லாமல் கைரோபிராக்டரிடம் காட்டலாமா?

மஸ்கெலியா மகள் (வெள்ளி, இரவு)

அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து கொழுந்து எடுக்கிறார். ஒரு மாதத்துக்கு மேலாக இடது இடுப்பில் தொடங்கும் வலி, பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை இறங்குகிறது. இருமினாலும் தும்மினாலும் சுள்ளென்று இழுக்கிறது. உட்கார்ந்தால் எழும்ப முடியவில்லை. நடந்தால் கொஞ்சம் பரவாயில்லை என்கிறார். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி போட்டு, டிக்லோபெனாக் வலி மாத்திரை கொடுத்தார்கள். வெளியே காட்டினோம். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "சியாட்டிக்கா, அதாவது காலுக்கு இறங்கும் நரம்பு வலி மாதிரி இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம், தேவைப்பட்டால் ஒபரேஷன்" என்றார் வைத்தியர். அந்தச் சொல் காதில் விழுந்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

டுபாயில் இருக்கும் பெரியப்பா மகன், முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பி வைத்தியம் செய்யும் கைரோபிராக்டர்களின் வீடியோக்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கத்து டவுனிலும் ஒருவர் "முதுகெலும்பு சரிசெய்யப்படும்" என்று பலகை மாட்டியிருக்கிறார். கூட்டிக்கொண்டு போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ ஹட்டன்காரன் (வெள்ளி, இரவு)

தங்கச்சி, பயப்படாதே. நான் ஹட்டனில் பிறந்தவன், இப்போது ரொறன்ரோவில் லொறி ஓட்டுகிறேன். உட்கார்ந்தே கிடந்து இதே வலி எனக்கும் வந்தது. பிரேக்கை மிதிக்கவே பயந்தேன். கைரோபிராக்டரிடம்தான் போனேன். முதல் நாள் அவர் என் முதுகில் கை வைக்கவே இல்லை. முழங்காலிலும் குதிகாலுக்கு மேலேயும் சிறு சுத்தியலால் தட்டினார், பெருவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு "மேலே தூக்கு" என்றார், மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே உயர்த்தினார். அதற்குப் பிறகுதான் சிகிச்சை. நடுவில் மடங்கி இறங்கும் ஒரு மேசையில் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பை மெதுவாக அசைத்து அசைத்து விட்டார். வீடியோவில் வரும் "படக்" சத்தம் எதுவும் இல்லை. வீட்டில் செய்யப் பயிற்சிகளும் கொடுத்தார். குளிர்காலம் முடிவதற்குள் லொறிக்குத் திரும்பிவிட்டேன். கத்தி படவில்லை.

கைரோபிராக்டர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று யாராவது இனி எழுதுவார்கள், பார்த்துக்கொண்டிரு.

கணக்கப்பிள்ளை பேரன் (வெள்ளி, இரவு)

எழுதத்தான் வந்தேன் அண்ணன். 1895இல் அமெரிக்காவின் டெவன்போர்ட் நகரில் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்த டி. டி. பாமர் என்பவர் தொடங்கிய முறை இது. காது கேளாத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தினாராம், காது கேட்டதாம். காதிலிருந்து கேள்வியைக் கொண்டுபோகும் நரம்பு நேராக மூளைக்குப் போகிறது. முதுகுப் பக்கமே வருவதில்லை. கிட்டத்தட்ட எல்லா நோயும் எலும்பு விலகுவதால் வருகிறது என்பது அவருடைய கொள்கை. இதை நம்பியா ஒரு தாயை ஒப்படைப்பது?

ஸ்காபரோ ஹட்டன்காரன் (வெள்ளி, இரவு)

பாமர் என்ன சொன்னார் என்று என் இடுப்பு விசாரிக்கவில்லை தம்பி. ஒன்ராறியோவில் பட்டம் இல்லாமல், பதிவு இல்லாமல் ஒருவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே முடியாது. ரொறன்ரோவில் இருக்கும் கல்லூரியில் நான்கு வருடம் படிக்கிறார்கள், அதுவும் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த பிறகு. ஒரு குறை சொல்ல வேண்டும் என்றால், 2004க்குப் பிறகு மாகாண அரசின் காப்புறுதி இதற்குப் பணம் கட்டுவதில்லை, கைக்காசுதான் போகிறது.

ஊவா இயன்மருத்துவர் (சனி, காலை)

ஊவாவில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் இயன்மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, வேலை செய்கிறேன். பாமரின் கொள்கை பிழை. லொறிக்கார அண்ணனைப் பரிசோதித்த விதம் சரி. இரண்டும் ஒரே பெயரில் நடமாடுவதுதான் தொல்லை.

கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளின் மட்டத்திலிருந்தும் அதற்குக் கீழே இடுப்பின் பின்பக்கத் திருவெலும்பிலிருந்தும் வரும் நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து, உடம்பிலேயே தடித்த சியாட்டிக் நரம்பாகிப் பின்தொடையில் இறங்குகின்றன. முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்கின் வெளிவளையம் கிழிந்து, உள்ளே உள்ள கூழ் பிதுங்கினால் அந்த வேர்களில் ஒன்று நசுங்குகிறது. நசுங்குவது மட்டும் இல்லை. அந்தக் கூழ் பட்ட இடத்தில் அழற்சி கிளம்புகிறது, வலியைப் பெருக்குவது பல வேளைகளில் அதுதான். டிஸ்க் இப்படிச் செய்யும் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர்கள் விளக்கியதே 1934இல்தான். பாமரைப் பார்த்து மட்டும் சிரிக்க வேண்டாம். அவர் காலத்தில் பெரிய வைத்தியர்களும் இந்த வலியில் இருட்டில்தான் தடவிக்கொண்டிருந்தார்கள்.

வலி சுண்டுவிரலுக்குப் போகிறது என்றால் பெரும்பாலும் திருவெலும்பின் முதல் வேர். பெருவிரல் பக்கம் போயிருந்தால் அதற்கு மேலே உள்ளது. தங்கச்சி, அம்மாவை ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடக்கச் சொல்லுங்கள், பிறகு குதிகாலில் மட்டும். எந்தக் கால் விழுகிறது என்று பாருங்கள். வலிப்பது வேறு, பலம் குறைவது வேறு. எனக்குக் கவலை தருவது இரண்டாவது.

பிதுங்கிய கூழை உடம்பே கரைத்து எடுத்துக்கொள்கிறது. பெரிதாகப் பிதுங்கி உடைந்து விழுந்ததுதான் அதிகமாகக் கரைகிறது என்பது கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் கால்வலி நன்றாகத் தணிகிறது. ஆகையால் ஐந்தாவது வாரத்தில் எண்ணெய் போட்டவரும் எட்டாவது வாரத்தில் இடுப்பைத் திருப்பியவரும் ஆளுக்கொரு பெயர் வாங்கிவிடுகிறார்கள். என் பிரிவும் அப்படித்தான் கொஞ்சம் பெயர் வாங்குகிறது.

அந்தப் "படக்" சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்பும் சத்தம் இல்லை. மூட்டுத் திரவத்துக்குள் வாயு இடைவெளி உண்டாகும்போது வருவது. விரலில் சொடக்கு எடுத்தாலும் அதேதான். பிதுங்கிய டிஸ்க்கை யாரும் கையால் உள்ளே தள்ள முடியாது. ஆனால் கைசிகிச்சை இறுகிய தசையைத் தளர்த்துகிறது, சிலருக்கு வலியைக் குறைக்கிறது. வலி குறைந்தவர் நடக்கிறார், நடப்பவர் சீக்கிரம் தேறுகிறார். சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதே அளவுக்குத்தான் போகிறது: உடற்பயிற்சியோடு சேர்த்துக் கைசிகிச்சை செய்யலாம், தனியாக வேண்டாம், இடுப்புப் பட்டியும் இழுவையும் வேண்டாம்.

இனி சொல்வதை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமை, ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறமும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலம் இழப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் கைரோபிராக்டரும் வேண்டாம், நானும் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. பாதம் திடீரெனத் தொங்கினாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். காய்ச்சலும் இரவு வியர்வையும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகுவலி என்றால் காசநோயையும் புற்றுநோயையும் தேட வேண்டும். எலும்பு தேய்ந்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் முதுகில் வேக அழுத்தம் கூடாது.

கணக்கப்பிள்ளை பேரன் (சனி, காலை)

ஐயா, ஒரு சந்தேகம். இழுவை வேண்டாம் என்று வழிகாட்டி சொல்கிறது. லொறி அண்ணன் படுத்த மேசையும் இழுவைதானே?

ஊவா இயன்மருத்துவர் (சனி, காலை)

நல்ல பிடி. எடையைக் கட்டி மணிக்கணக்கில் இழுத்து வைப்பது ஒன்று, அந்த மேசையில் கையால் விட்டு விட்டு அசைப்பது இன்னொன்று. இரண்டாவது மென்மையானது, ஆனால் அதற்கும் பெரிய சான்று கிடையாது. சரியாகப் பரிசோதித்தார், பயிற்சி கொடுத்தார் என்பதற்குத்தான் அந்தக் கைரோபிராக்டருக்கு நான் மதிப்பெண் போட்டேன்.

தலவாக்கலை டீச்சர் (சனி, பிற்பகல்)

நரம்பையும் டிஸ்க்கையும் பற்றி இவ்வளவு எழுதிவிட்டீர்கள். கொழுந்துப் பையைப் பற்றி யாராவது எழுத வேண்டாமா? சரிவான மலையில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, நெற்றியில் பட்டை இழுக்க, செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு வைத்து முன்னே சாய்ந்து எடுக்கும் வேலை அது. மழை நாளில் ஈரக் கொழுந்து இரண்டு மடங்கு கனக்கும்போல் இருக்கும். அதைச் சுமந்துகொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் இறங்க வேண்டும். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான் போடுவார்கள். இந்த அம்மாவை யார் தொட்டுக் குணமாக்கினாலும் திங்கட்கிழமை காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் அதே பையைத்தானே மாட்டப்போகிறார்?

இன்னொன்று. "வாரத்துக்கு இரண்டு முறை பிசியோதெரபிக்கு வாருங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். மஸ்கெலியாவிலிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ பஸ்ஸில் போய் வந்தால் அன்றைய கூலி இல்லை. அந்த வளைவுகளில் குலுங்கிக்கொண்டு உட்கார்ந்து போவதே நோயாளிக்குத் தண்டனை. சிகிச்சை இலவசம் என்பது உண்மைதான், அங்கே போய்ச் சேருவது இலவசம் இல்லை. பக்கத்து டவுனில் பலகை மாட்டியவரிடம் நம் சனங்கள் போவது மூடத்தனத்தால் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் பக்கத்தில் இருக்கிறார், ஞாயிறும் திறந்திருக்கிறார், தமிழில் பேசுகிறார்.

ஊவா இயன்மருத்துவர் (சனி, பிற்பகல்)

டீச்சர் சொன்னதற்கு என்னிடம் முழு மறுமொழி இல்லை. செய்யக்கூடியது இது: வைத்தியரிடம் "பாரம் தூக்கக் கூடாது, இலகு வேலை தேவை" என்று துண்டு எழுதி வாங்குங்கள். நாற்றுமேடையிலோ குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலோ சில வாரம் போடச் சொல்லித் தோட்ட நலன்புரி அலுவலரிடம் கேட்கலாம். வாரத்துக்கு இரண்டு முறை வர முடியாதவர்களுக்கு நான் ஒரே தடவையில் பயிற்சிகளைப் பழக்கி, மகனையோ மகளையோ கைத்தொலைபேசியில் படம் பிடிக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். மறுபடி ஒரு மாதம் கழித்து வந்தால் போதும்.

படுத்தே கிடக்க வேண்டாம். ஓரிரு நாள் ஓய்வு, அதற்கு மேல் வீட்டுக்குள்ளேயும் வாசலிலும் நடமாட்டம். குனிந்து வாளி தூக்குவது மட்டும் வேறு யாராவது செய்யட்டும்.

மூலிகை வாசம் (சனி, மாலை)

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் படித்துவிட்டு இப்போது கண்டிப் பக்கம் வேலை பார்க்கிறேன். எங்களிடம் தொக்கணம் என்ற அழுத்திப் பிடிக்கும் சிகிச்சை உண்டு, எண்ணெய் உண்டு, நொச்சி இலை ஒத்தடம் உண்டு. இதமாக இருக்கும், தூக்கம் வரும். கூழைக் கரைக்கும் என்று சொல்ல மாட்டேன். வலி உச்சத்தில் இருக்கும் நாட்களில் பின்தொடையைப் போட்டு மிதிக்கும் வைத்தியர்களிடம் போகாதீர்கள்.

ஒத்தடம் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கால் மரத்திருந்தால் சூடு தெரியாது. கொப்புளத்தோடு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன், முதுகுவலிக்குக் காட்ட வந்து கால் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டு போவார்கள். கொடுப்பவர் முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கங்காணித் தெரு (சனி, இரவு)

பலகை மாட்டியவர்களைப் பற்றி என் பங்குக்கு. எந்த ஊர் என்று சொல்லவில்லை. என் மச்சானுக்கும் காலில்தான் வலி. போன உடனேயே "உங்கள் எலும்பு மூன்று இடத்தில் விலகியிருக்கிறது" என்றார் அந்த மனிதர். காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. மொத்த சிட்டிங்குக்கும் முன்பணம் கட்டினால் கழிவு என்றார். பிறகு இடுப்பைத் திருப்பி, கையோடு கையாகக் கழுத்தையும் "படக்" என்று திருப்பினார். சில நாள் மச்சானுக்குத் தலைசுற்றல். காசைத் திருப்பிக் கேட்டால், உடம்பிலிருந்து விஷம் வெளியேறுகிறதாம்.

ஊவா இயன்மருத்துவர் (சனி, இரவு)

கால்வலிக்குக் கழுத்தைத் திருப்ப எந்தக் காரணமும் இல்லை. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதுதான், ஆனாலும் நடந்திருக்கிறது. யாரிடம் போனாலும் கழுத்தைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்க வேண்டியதும் அதிகம் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்தில், எத்தனை வருடம் படித்தீர்கள்? வெளிநாடுகளில் கைரோபிராக்டிக் பட்டம் நான்கு, ஐந்து வருடப் படிப்பு. வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியவர் கைரோபிராக்டர் இல்லை. பரிசோதிக்காமல் கை வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் கேட்டாலும் அப்படியே.

கணக்கப்பிள்ளை பேரன் (ஞாயிறு, காலை)

சரி, கைசிகிச்சையைப் பற்றி உண்மையான ஆய்வு ஏதாவது இருக்கிறதா? "சிலருக்கு" என்பதற்கு என்ன கணக்கு?

ஊவா இயன்மருத்துவர் (ஞாயிறு, காலை)

இருக்கிறது, சிறியவை. 2006இல் இத்தாலியில் டிஸ்க் பிதுங்கிய 102 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான கைசிகிச்சையும் மறுபாதிக்குப் பாவனைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். காலுக்கு இறங்கும் வலி முற்றாக நின்றவர்கள் முதல் குழுவில் 55 சதவீதம், மற்றதில் 20. கனடாவின் கல்கரியில் 2010இல் வந்த ஆய்வில், மருந்தாலும் பயிற்சியாலும் தேறாமல் ஒபரேஷனுக்குக் காத்திருந்த 40 பேரில் பாதிப்பேரைக் கைரோபிராக்டரிடம் அனுப்பினார்கள். அவர்களில் 60 சதவீதத்தினர் ஒபரேஷன் செய்தவர்கள் அளவுக்குத் தேறினார்கள். மீதிப் பேருக்குப் பிறகு ஒபரேஷன் செய்தபோது, தாமதித்ததால் பலன் கெட்டுப்போகவில்லை. நாற்பது பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது, ஆனாலும் இதை ஒதுக்கிவிடவும் முடியாது.

ஒபரேஷனுக்கும் கணக்கு உண்டு. நெதர்லாந்தில் 2007இல் 283 பேரை ஆராய்ந்தார்கள். உடனே ஒபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் வலி தாங்காமல் பின்னர் ஒபரேஷனுக்குப் போனார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள் தங்கச்சி: ஒபரேஷன் செய்யாவிட்டால் முடமாகிவிடுவோம் என்பதும் பொய், செய்தால் முடமாகிவிடுவோம் என்பதும் பொய்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "டிஸ்க் பிதுக்கம்" என்று வாசித்துவிட்டு நடுங்கவும் வேண்டாம். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் பிதுக்கம் தெரியும். படமும் பரிசோதனையும் ஒரே வேரைக் காட்டினால்தான் அதற்கு அர்த்தம்.

மஸ்கெலியா மகள் (செவ்வாய், மாலை)

எல்லோருக்கும் நன்றி. நேற்று பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். லொறி அண்ணன் எழுதியதுபோலவே தட்டிப் பார்த்தார்கள். இடது குதிகாலுக்கு மேலே தட்டினால் பாதம் அசைவது குறைவாக இருக்கிறதாம். நுனிக்காலில் நிற்கும்போது இடது பக்கம் கொஞ்சம் தாழ்கிறது. சிறுநீர், மலம் பற்றிக் கேட்டார்கள், ஒன்றும் இல்லை. இப்போதைக்கு ஒபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி செய்துகொண்டு பார்ப்போம், பலம் இன்னும் குறைந்தால் உடனே வரவேண்டும் என்றார்கள். இலகு வேலைக்குத் துண்டும் கொடுத்தார்கள். நரம்பு வலிக்கு ப்ரீகபலின் மாத்திரை வாங்குகிறீர்களா என்று பாமசியில் கேட்டார்கள், அதை எடுக்கலாமா?

ஊவா இயன்மருத்துவர் (செவ்வாய், இரவு)

வைத்தியர் எழுதாமல் பாமசி சொன்னதற்காக வாங்க வேண்டாம். 2017இல் அவுஸ்திரேலியாவில் அந்த மாத்திரையைச் சியாட்டிக்காவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை, தலைசுற்றல்தான் கூடியது. மலைச்சரிவில் வேலை செய்பவருக்குத் தலைசுற்றல் நல்லதில்லை. டிக்லோபெனாக்கையும் மாதக்கணக்கில் விழுங்கவேண்டாம், இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

கினிகத்தேனைக் காற்று (செவ்வாய், இரவு)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கும் இதே வலி, உர மூட்டை தூக்கிய பிறகு வந்தது. நேற்றிலிருந்து இரண்டு காலுக்கும் இறங்கிவிட்டது. இன்று காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, தண்ணீர் குறைவாகக் குடித்ததால் என்று அம்மா சொல்கிறார். உட்காரும் இடம் மரத்திருக்கிறது என்கிறார். நாளை எண்ணெய் வைத்தியரிடம் கூட்டிப்போகலாமா, அல்லது இந்தப் பயிற்சிகளைத் தொடங்கலாமா?

ஊவா இயன்மருத்துவர் (செவ்வாய், இரவு)

நாளை இல்லை, இப்போதே. எண்ணெய் வேண்டாம், பயிற்சி வேண்டாம், யாரும் முதுகைத் தொட வேண்டாம். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "இரண்டு காலும், சிறுநீர் அடைப்பு, உட்காரும் இடம் மரத்திருக்கிறது" என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாட்டில் சேர்க்கும்போதும் அதையே சொல்லுங்கள். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக்கற்றை மொத்தமாக நசுங்கினால் இப்படி வரும். இது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விடயம். இதற்கு மருந்து ஒபரேஷன்தான்.

கினிகத்தேனைக் காற்று (செவ்வாய், நள்ளிரவு)

எடுத்துவிட்டோம். வண்டி வருகிறது.

கினிகத்தேனைக் காற்று (வியாழன், காலை)

கண்டியில் சேர்த்து நேற்றே ஒபரேஷன் செய்துவிட்டார்கள். கால்களில் வலி இல்லை. சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள், எப்போது எடுக்கலாம் என்பதைப் பொறுத்திருந்து பார்ப்போம் என்கிறார்கள். மரப்பு இன்னும் இருக்கிறது.

கணக்கப்பிள்ளை பேரன் (வியாழன், காலை)

நெறியாளருக்கு: அபாய அறிகுறிகள் பற்றி ஐயா எழுதிய பகுதியைத் தனியாக எடுத்து மேலே ஒட்டிவைக்க முடியுமா? இவ்வளவையும் வாசித்துக் கீழே வருவதற்குள் ஒருவருக்கு நேரம் போய்விடும்.

மஸ்கெலியா மகள் (வியாழன், இரவு)

அம்மாவை நாற்றுமேடைக்குப் போட்டிருக்கிறார்கள், இந்த மாதம் மட்டும். பயிற்சிகளை வீடியோ எடுத்து வந்தேன். நுனிக்காலில் எழும்பி நிற்கும் பயிற்சியில் இடது கால் நடுங்குகிறது. தொடரலாமா? திரும்பக் கொழுந்துக்குப் போகும்போது எப்படிப் போவது?

ஊவா இயன்மருத்துவர் (வியாழன், இரவு)

நடுங்கினால் பரவாயில்லை, தொடரட்டும்; கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் சேர்ந்து எழும்ப வேண்டும். தனிக் காலில் இப்போது வேண்டாம். செய்யும்போது வலி தொடைக்கு மேலே ஏறிச் சுருங்கினால் நல்லது. பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கொழுந்துக்குத் திரும்பும்போது முதல் வாரங்களில் பை நிறையும் வரை காத்திருக்காமல் பாதியிலேயே மடுவத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டட்டும். கங்காணியிடம் துண்டைக் காட்டி முதலிலேயே பேசிவையுங்கள், மேட்டு மலையில் நிரை கொடுக்காமல் ரோட்டோரமாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.